நாலா, ரெண்டா

பிராட்பேண்டு விருத்தாசலத்துக்கு வந்த புதிதில், பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நான்தான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நான், ஒரு மேசை, களிமண் அரைக்கும் கொட்டகையிலிருந்து வந்து படியும் வெள்ளைத் தூசு. எங்கள் லினக்ஸ் சர்வர் சென்னை ஆபீஸில், ஏசி அறையில் சொகுசாக இருந்தது.

புது சாஃப்ட்வேர் போட வருகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். சர்வருக்குள் நிஜமாக எத்தனை பிராசஸர் சில்லு இருக்கிறது என்று அதில் ஒரு கேள்வி.

"நாலுன்னு போடும்மா" என்றார் மேனேஜர். முதலாளிகளிடம் ஏற்கெனவே நாலு என்று பெருமையடித்திருந்தார். அப்படிப்பட்ட எண்ணைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவுதான். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது.

இங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து, பிராசஸர் விவரம் இருக்கும் கோப்பைத் திறந்தேன். பூஜ்யம் முதல் மூன்று வரை நாலு பிராசஸர் வரிசையாக வந்தன.

"பாத்தியாம்மா, நாலு இருக்குதுல்ல?"

கீழே 'பிசிகல் ஐடி' என்ற வரியைக் காட்டினேன். எந்தப் பிராசஸர் எந்தச் சில்லில் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. நாலு இடத்திலும் சேர்த்து பூஜ்யமும் மூன்றும் மட்டுமே இருந்தன.

"சில்லு ரெண்டுதாங்க சார். ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்குது. அதனால லினக்ஸ் ஒண்ண ரெண்டா காட்டுது."

"மூணுன்னு போட்டிருக்குதே? பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு வருது."

"நடுவுல ஒண்ணும் ரெண்டும் இல்லையே சார்."

"லீவுல இருக்கும்" என்றார், சிரிக்காமல்.

சென்னைக்குப் போன் போட்டார். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழாமலே நாலு என்று உறுதி சொன்னார். நான் போனை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். திறந்து பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் சர்வரை நிறுத்தித் திறந்தார்கள். கம்பெனியின் மூளை அரை மணி நேரம் படுத்துக் கிடந்தது. தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபியூஸ் கட்டைகள் வழக்கம்போல வந்துகொண்டே இருந்தன.

"மேடம், ரெண்டுதான் இருக்கு" என்றார் இன்ஜினியர் போனில். காலையில் நான் அவருக்கு மேடம் இல்லை. "பக்கத்துல ரெண்டு எடம் காலியா இருக்கு."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அப்ப எடம் நாலு இருக்குதுல்ல? நான் சொன்னது அதத்தாம்மா."

நான் 'ரெண்டு' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "நீ கண்டுபிடிச்சது, நீயே போட்டுக்க." கம்பெனிக் காகிதத்தில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

மாலை பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து சீட்டு அம்மாள், "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாங்க. ரெண்டுன்னு இன்னைக்கு உறுதியாயிடுச்சு."

"ரெட்டையா! வெயிட்டு கியிட்டு தூக்காதம்மா" என்று என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க என் பேச்சை மறு கேள்வியில்லாமல் நம்பியவர் அவர் ஒருவர்தான். திருத்த மனம் வராமல் கருவேப்பிலங்குறிச்சியில் மெதுவாக, பத்திரமாக இறங்கினேன்.