ஜெயசிங்கின் வலப்பக்க சீட்

தக்கலையில் பதினைந்து வருடம் டெம்போ ஓட்டிய ஜெயசிங், நர்ஸ் வேலை கிடைத்த மனைவி ஷீபாவோடு மஸ்கட்டுக்குப் போனான். "அரபிக்கே நான் வண்டி ஓட்டப் படிச்சுக் குடுப்பேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

அங்கே டிரைவிங் டெஸ்டில் ஆறு தடவை தோற்றான். மூன்று தடவை ஊர்ப் பழக்கத்தில் சாலையின் இடப்பக்கம் ஏறினான். மீதி மூன்று தடவை டெஸ்ட் எடுத்த அதிகாரிக்கே புத்தி சொன்னான். ஷீபா முதல் தடவையிலேயே பாஸானாள். காரும் அவள் பெயரில் வந்தது.

ஆனால் அந்த ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஜெயசிங் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்து படம் அனுப்பினால், தக்கலைக்காரர்களுக்கு அவன்தான் டிரைவர். அம்மா நேசம்மாள் அதைச் சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினாள். ஒருநாள் ஓடும் காரிலிருந்து வீடியோ காலில் அம்மாவிடம் பேசியவன், இரண்டு கையாலும் ஷவர்மாவைப் பிடித்துத் தின்றான்.

"ஏலே, கையை விட்டுட்டா வண்டி ஓட்டுதே?"

"இது ஆட்டோமேட்டிக்கும்மா."

ஆறு மாதம் கழித்து நேசம்மாள் மஸ்கட்டில் வந்து இறங்கினாள். ஷீபா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததையும், மகன் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்குப் போனதையும் பார்த்தாள். அந்தக் கதவை அவளே திறந்தாள்.

"நீ பின்னால ஏறு மக்கா. நான் முன்னால இருக்கேன்."

அம்மா கொண்டுவந்த பலாச்சக்கை வற்றல் பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கிய ஜெயசிங், "சிக்னல் வருது, பிரேக்கைப் பிடி" என்று வழிநெடுகக் கத்தினான்.

நேசம்மாள் மருமகளிடம், "பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை மக்களே" என்றாள்.