மருதாசலம் போட்ட பெல்ட்

"ஏனுங்க, யாராச்சும் ஒருத்தர் முன்னால வாங்க" என்று கரோலின் மேடம் கூப்பிட்டதும் மருதாசலம் போய் நின்றான். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் உடம்போடு கட்டிக்கொள்ளும் அந்தப் பாதுகாப்புப் பெல்ட்டை முறையாகப் போடத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான் என்று மேனேஜர் மைதீன் பிச்சை முன்பே சொல்லி வைத்திருந்தார்.

நீலாம்பூர் பைபாஸை ஒட்டிய யார்டு அது. ஆளை உயரத்துக்குத் தூக்கிப் போகும் பூம் லிஃப்ட்டுகளை வாடகைக்கு விடுகிற கம்பெனி. மில் கூரைக்குப் பெயின்ட் அடிக்க, குடோனுக்குத் தகடு பொருத்த, நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஒரு கூடையோடு அந்த வண்டிகள் கோயமுத்தூரைச் சுற்றிலும் போய்வரும். கூடைக்குள் நின்று வண்டியை இயக்குவது மருதாசலத்தின் வேலை.

கரோலின் நகரத்திலிருந்து வந்து பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவள். கடமைக்குப் பேசிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ரகம் இல்லை.

"பெல்ட் எதுக்குங்க? வழுக்கி விழுந்துருவோம்னா? இல்லீங்க. கீழ ஒரு சக்கரம் சின்னக் குழியில எறங்குனாப் போதும். அந்த ஆட்டம் மேல வரும்போது பத்து மடங்கா வரும். கவண்ல வெச்ச கல்லு மாதிரி ஆளை வெளிய வீசிரும். கம்பியப் புடிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. கை தாங்காது. பெல்ட் தாங்கும்."

மருதாசலம் தோள்பட்டைகளை மாட்டினான். தொடை இடுக்கு வழியாக இரண்டு வார்களைக் கொண்டுவந்து இழுத்தான். நெஞ்சில் பூட்டினான். முதுகு வளையத்திலிருந்து வந்த கயிற்றின் கொக்கியைக் கூடைக் கம்பியின் அடியிலிருந்த வளையத்தில் மாட்டிக் காட்டினான். கரோலின் கைதட்டினாள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, முன்வரிசையில் நின்ற கதிரேசனிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க போட்டுக் காட்டுங்கண்ணா."

கதிரேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தான். "கோமணங் கட்டறதுக்கு எங்கூர்ல யாரும் கிளாஸ் எடுத்ததில்லீங்க மேடம். பாத்ததுலயே தெரிஞ்சுபோச்சுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்தவனிடம் நீட்டினாள். அவனும் அதே பாட்டைப் பாடினான். ஆம்பிளைகள் கூச்சப்படுகிறார்கள் என்று கரோலின் நினைத்துக்கொண்டாள். மருதாசலத்துக்கு விஷயம் தெரியும். அவனும் சிரித்து வைத்தான்.

அன்னூருக்குக் கிழக்கே ஒரு காலனியில் பிறந்தவன் மருதாசலம். அவன் அப்பனும் ஆத்தாளும் ஊர்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். பையன் ஐ.டி.ஐ. முடித்து, காக்கி உடுப்பும் மஞ்சள் தொப்பியும் போட்டு வேலைக்குப் போனபோது, அந்த உடுப்புக்குள் ஊரும் தெருவும் மறைந்துபோகும் என்று மூவருமே நம்பினார்கள். கொஞ்ச நாள் மறைந்தும்தான் இருந்தது. தகடு பொருத்துகிற கதிரேசன் நாற்பதை நெருங்கியவன், இவனைவிட மூத்தவன். இருந்தும் "வாங்க தம்பி, சாப்டீங்களா" என்றுதான் பேசினான். ஒருநாள் டீ குடிக்கும்போது எந்தூர் என்று கேட்டான். ஊரைச் சொன்னதும், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டான். மறுநாளிலிருந்து 'வாங்க தம்பி' போய் 'வா மருதா' வந்துவிட்டது. ராக்கெட் விடுகிற தேசத்தில் அறிவைப் பயன்படுத்தி மனிதன் கேட்கிற கேள்வி இது: ஊரில் எந்தப் பக்கம்?

கதிரேசனும் பெரிய பண்ணைக்காரன் அல்ல. அவன் அப்பன் காலத்திலேயே தோட்டம் காய்ந்து கைமாறிப் போயிருந்தது. அவனும் தினமும் இதே யார்டுக்கு வந்து, இதே வெயிலில் வெந்து, இதே முதலாளியிடம் சம்பளம் வாங்கினான். கையில் எஞ்சியிருந்தது சாதி ஒன்றுதான். அதை அவன் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

இருவரையும் ஒரே வண்டிக்குப் போட்டார்கள். அன்னூர் ரோட்டில், ஒரு காலத்தில் வாழையும் மஞ்சளும் விளைந்த பூமியில் பெரிய குடோன் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வண்டிக்கு இரண்டு பெல்ட். யார் எது என்ற கணக்கில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் இரண்டிலுமே மருதாசலத்தின் வேர்வை ஏறியிருந்தது. கதிரேசன் ஒரு வழி கண்டுபிடித்தான். பெல்ட்டைப் பூட்டி, கூடைக் கம்பியில் சட்டை மாதிரித் தொங்கவிட்டு, கொக்கியையும் மாட்டிவிடுவான். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் போட்டிருப்பது போலவே தெரியும்.

"ஏனுங்ணா, பெல்ட்டப் போடுங்ணா. மேடம் சொன்னாங்கல்ல, வீசிருமுங்க."

"கவுத்தப் புடிச்சுத் தொங்கிட்டே கெணத்துக்குள்ள மோட்டார் எறக்குனவன் மருதா நானு. எனக்கு வாரு கட்டோணுமா? நீ பாத்து ஓட்டு."

"நெம்ப ஒசரமுங்ணா."

"வேர்வை நாத்தமடிக்குதுடா அது. உடு."

அந்தக் கூடை ஒரு கட்டில் அளவுகூட இருக்காது. பகல் முழுக்க அதில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். அதற்கெல்லாம் கதிரேசன் மனத்தைப் பழக்கியிருந்தான். வேலைக்குத் தொட்டால் தீட்டில்லை. ஆனால் இவன் நெஞ்சிலும் தொடையிலும் கிடந்த வாரைத் தன் நெஞ்சிலும் தொடையிலும் போட்டுக்கொள்வதா? எந்தச் சாத்திரத்திலும் இந்த அளவு எழுதியிருக்கவில்லை. அவனே அளந்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாசலம் இரண்டு பெல்ட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வாளியில் ஊறப்போட்டான். அவன் மனைவி இளவேனில் பம்பு கம்பெனியில் வேலை செய்கிறவள். துணி அலசப் போனவள் வாளியைப் பார்த்தாள்.

"இதுக்கெதுக்கு இத்தனை சோப்பு?"

"அந்த அண்ணன் போடமாட்டீங்கறாரு. தொவைச்சு, ஒண்ணைத் தனியாக் கவருக்குள்ள போட்டு, புதுசு வந்திருக்குது, யாரும் தொடலைன்னு குடுத்துரலாம்னு பாக்கறேன். அதுக்கப்புறம் அதை நான் தொடாம இருந்துக்கறேன்."

 அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கப்பனுக்கு டீக்கடையில தனி டம்ளரு. அதைத் தனியா வெச்சவன் கடைக்காரன். நீ உன்ற கையாலயே கழுவித் தனியா வெக்கிறே. அவனுக்கு அந்தச் செரமங்கூட இல்லை பாரு."

"விழுந்தா உசுரு போயிரும் அம்மணி."

"உன்ற வேர்வையவிடச் சாவு தேவலைன்னு நெனைக்கிறவனுக்கு நீ என்ன பண்ணுவே? அவன் போடோணும். நீ போட்டதத்தான் போடோணும். இல்லாட்டி மேனேஜர்கிட்டச் சொல்லு."

 திங்கட்கிழமை மருதாசலம் இரண்டு பெல்ட்டுகளையும் ஒன்றாகவே பெட்டிக்குள் போட்டான். மைதீன் பிச்சையிடம் சொல்லவும் செய்தான். அவர் காதைச் சொறிந்துகொண்டு, "இதெல்லாம் பெருசு பண்ணாத மருதாசலம். நான் பொதுவா ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறேன்" என்றார். பொதுவாகச் சொன்னார். பொதுவாக எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வாரத்திலேயே நடந்தது. கூரையோரத்தில் இரண்டு தகடு பாக்கி. கூடையை மேலே வைத்தபடியே வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது.

"அக்கட்டால கொஞ்சம் தள்ளு மருதா. முடிச்சுப்போட்டு எறங்கிரலாம்."

"பெல்ட்டு..."

"தள்ளுடா."

வண்டி சென்ற இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்தது. பூமியை வாங்கியவர்கள் அதை மண்ணும் இடிபாடும் கொட்டி மூடி, மேலே நிரவி, யாருக்கும் சொல்லாமல் விட்டிருந்தார்கள். பின்சக்கரம் ஒன்று அதில் இறங்கியது. கீழே இருந்தவர்கள் வண்டி லேசாகக் குலுங்கியதாகத்தான் சொன்னார்கள். மேலே கூடை ஒருமுறை பின்வாங்கி, வெட்டி எறிந்தது.

கை நீட்டவும் நேரமில்லை, பிடிக்கவும் நேரமில்லை. மருதாசலம் கூடைக்கு வெளியே போய், கயிறு இழுத்து, தொடை அறுபடுவது போன்ற வலியோடு அந்தரத்தில் நின்றான். கண்ணைத் திறந்தபோது அவன் முகத்துக்கு நேராக, கம்பியில் தொங்கிய இன்னொரு பெல்ட் ஆடிக்கொண்டிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஆள் இல்லை.

பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் கதிரேசனின் ஆத்தாள் குழந்தையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெல்ட்டு இருந்துச்சாமா கண்ணு? ஏஞ்சாமி அவன் போடலை? நீ கூடத்தான நின்னே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அவளுக்கு இவன் தெரு தெரியாது. தெரிந்திருந்தால் கையைப் பிடித்திருப்பாளா, கண்ணு என்றிருப்பாளா? அந்த நிமிஷத்திலும் மருதாசலத்துக்கு இந்த யோசனைதான் வந்தது. அதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. "மறந்துபோட்டாருங்க" என்றான்.

கவனக்குறைவு என்று விவகாரம் முடிந்தது. கிணற்றை மூடியவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரோலின் மட்டும் அவனைத் தனியே கூப்பிட்டு, தான் எங்கே தப்பாகச் சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளிடம் மட்டும் அவன் உள்ளதைச் சொன்னான். அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டாள். ஆளுக்கொரு பெல்ட் வந்தது. ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர். சுவரில் ஆளுக்கொரு கொக்கி. மருதாசலத்தின் கொக்கி வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி இருந்தது. யார் அப்படி அடித்தார்கள் என்று தெரியவில்லை. இப்போது எல்லோரும் பெல்ட் போடுகிறார்கள். ஒருவன் தவறுவதில்லை. அவரவருக்கு அவரவர் பெல்ட் என்பது பாதுகாப்புக்கு நல்ல முறைதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் இளவேனிலைப் பேசவிடாமல் செய்தது. "ஆக, அவன் செத்து, நமக்குத் தனி டம்ளரு வாங்கிக் குடுத்துட்டான்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். 

அடுத்த பயிற்சிக்குக் கரோலின் துணிக்கடைப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குப் பெல்ட்டை மாட்டி, வாரை இழுத்து, கொக்கி போட்டுக் காட்டினாள். பிறகு அதைக் கழற்றி நீட்டினாள். போன தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்ட ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவன் போட்டதை அடுத்தவன் வாங்கிப் போட்டான். "பொம்மை உன்னையவிட அழகா இருந்துச்சுடா" என்று கேலி வேறு. யார்டே கலகலவென்றிருந்தது.

மருதாசலம் வரிசையில் கடைசியாக நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் போட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இவன் கையை நீட்டினான். கரோலின் பெல்ட்டைக் கொடுக்க வந்தவள் ஒரு கணம் நின்றாள். வெயிலில் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தாள். மத்தியானம் இதே யார்டின் இன்னொரு கும்பலுக்கும் இதே பெல்ட்டை வைத்துத்தான் அவள் சொல்லித்தர வேண்டும்.

"உங்களுக்குத்தான் தெரியுமேங்க" என்றாள், தாழ்ந்த குரலில். "நீங்க போட வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்றான் மருதாசலம். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சுவரின் கடைசிக் கொக்கியிலிருந்து தன் பெல்ட்டை எடுக்கப் போனான்.