இரைச்சல் ஒதுங்கிய இடம்

ஜெயமுருகன் கொடைக்கானலில் செல்போன் டவர்களைப் பழுது பார்ப்பவன். ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிறவனின் சொந்த ஊருக்குச் சிக்னல் கிடையாது. வெள்ளகவிக்கு அப்பால் மலை மடிப்புக்குள் கிடக்கும் மஞ்சப்பாறை அது. ரோடும் கிடையாது. யாருக்காவது முடியாமல் போனால் டோலி கட்டித் தூக்க வேண்டும். மேலே ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் சீக்கிரம் ரோட்டைத் தொடலாம். கீழே இறங்குவது எளிது, நேரம் இரட்டிப்பு. எந்தப் பக்கம் வண்டி நிற்கிறது என்று தெரியாமலே கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பி வழியிலேயே உயிர் போனவர்களில் அவனுடைய அப்பா நல்லுசாமியும் ஒருவர்.

அதற்காகத்தான் அவன் ரேடியோப் பெட்டி செய்தான். ஊர்ச் சாவடியில் மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று இரண்டு, அவற்றோடு பேச மேல் ரோட்டில் ஒன்று, கீழ் ரோட்டில் ஒன்று. உரிமம் தேவைப்படாத அலைவரிசைகளாகப் பார்த்து, மேலுக்கு ஒன்றும் கீழுக்கு அதை ஒட்டிய ஒன்றும் ஒதுக்கினான்.

சாமான் குறைந்தால் கோளாறு குறையும் என்பது அவன் கட்சி. குரலை எண்களாக்கி ஒரே ஒரு சின்ன சுவிட்சைத் தட்டித் தட்டி அனுப்புகிற பெட்டி. அப்படித் தட்டும்போது குரலோடு இரைச்சலும் பிறக்கும். அதை அழிக்க முடியாது. கணக்குப் போட்டு, பேசுகிற அலைவரிசையை விட்டு இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடலாம். ஒதுக்கியதை வடிகட்ட ஒரு கம்பிச் சுருளும் இரண்டு கெப்பாசிட்டரும் வேண்டும். மஞ்சப்பாறைப் பனி ஈரத்தில் அதெல்லாம் நிலைக்காது என்று அவனே முடிவு கட்டி விட்டுவிட்டான். தன் வாசலைப் பெருக்கி, குப்பையை அடுத்த வாசலுக்குத் தள்ளிய கதைதான். அடுத்த வாசலும் தன்னுடையதே என்பது புத்திசாலிக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே சோதித்துப் பார்த்தான். குரல் கண்ணாடி மாதிரி கேட்டது. ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

மேல் ரோட்டுப் பெட்டியை ஜீப் ஓட்டும் மரியஅந்தோணி தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவர். மாதா கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டுப் பல வருடமாகிறது. ஆனால் ஒருவனைக் குடிகாரன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், பிறகு அவன் மோர் குடித்தாலும் முகர்ந்துதான் பார்க்கும்.

போன மாசியில் ஜெயமுருகனின் தங்கை ஜோதிமணியைக் காப்பித் தோட்டத்தில் காட்டுமாடு குத்தித் தூக்கி எறிந்தது. அவள் புருஷன் முருகானந்தம் சாவடிக்கு ஓடிவந்து முதலில் மேல் ரோட்டைக் கூப்பிட்டான். உடனே பதில் இல்லை. கீழ் ரோட்டைக் கூப்பிட்டான். அங்கே டீக்கடை வேலப்பன் எடுத்தார்.

"வண்டி சொல்லிவிடுறேன். லைன மட்டும் மூடிராதீங்க."

மூடவில்லை. திறந்த லைனில் சாவடியின் கீழ்ப்பெட்டி அலையை விட்டபடியே இருந்தது. பக்கத்து மேல்பெட்டி ஊமையாகக் கிடந்தது. பழைய ரேடியோ என்றால் கரகரவென்றாவது காதில் விழுந்திருக்கும், யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்கும். டிஜிட்டலில் அது இல்லை. கேட்டால் தெளிவாகக் கேட்கும், இல்லையென்றால் ஒன்றுமே கேட்காது. மேலே ஆளே இல்லை என்று நினைத்துக் கீழே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில், ஓடையைத் தாண்டுவதற்குள், ஜோதிமணி போய்விட்டாள்.

குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று மரியஅந்தோணி மேல் பழி விழுந்தது. காரியம் முடிந்த பிறகு ஜெயமுருகன் அவரிடம் போனான். அடிக்கத்தான் போனான்.

"தம்பி, கூப்பிட்டது கேட்டு நான் தொண்டை கிழியக் கத்துனேன்," என்றார் அவர். "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு, மேல கொண்டாங்க, மேல கொண்டாங்கன்னு கத்துனேன். அங்கிட்டிருந்து சத்தமே இல்ல. மாதா மேல ஆணை."

ஓங்க வந்த கை அப்படியே நின்றது. பெட்டியில் விடாமல் பேசும்படி அவரிடம் சொல்லிவிட்டு ஊருக்கு இறங்கினான். சாவடியில் கீழ் லைனைத் திறந்தான். மேல்பெட்டி ஊமை. மூடினான்.

"...கேக்குதா தம்பி?"

தன் கையால் ஒதுக்கிய இரைச்சல் எங்கே போய் விழுந்தது என்று இப்போது தெரிந்தது. தங்கையைக் கொன்றது மாடு மட்டும் இல்லை.

அந்தப் பெட்டிகள் அப்படியே இருப்பதை அவனால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை. கம்பி சுற்றி, கெப்பாசிட்டர் வைத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் ஊரைக் கூட்டினான். பழுது பார்ப்பவன் புத்தி அப்படி. சாட்சியைத் தானே அழித்துவிட்டது பிறகுதான் புரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னான். குற்றம் தன்னுடையது, மரியஅந்தோணி அண்ணன் மேல் தப்பில்லை என்றான். முருகானந்தம் இரண்டு லைனையும் திறந்து பார்த்தான். இரண்டிலும் குரல் தெளிவாக வந்தது.

"நல்லாத்தான மச்சான் கெடக்கு பெட்டி?"

"இப்பத்தான் மாப்ள சரி பண்ணுனேன். வேணும்னா அந்தச் சுருளைக் கழட்டிக் காட்டுறேன்."

"கழட்டுனா எந்தப் பெட்டியும்தான் கெடும். அன்னைக்கு வேலப்பண்ணன் பேசுனது அம்புட்டுத் தெளிவாக் கேட்டுச்சு. கோளாறுன்னா அது மட்டும் எப்படிக் கேக்கும்?" என்றான் முருகானந்தம். "செத்தது ஒங்க கூடப்பொறந்தவ. அந்தக் குடிகாரனுக்குப் போயி பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்களே. ஒங்க மனசு யாருக்கும் வராது, மச்சான்."

கூட்டமும் ஆமாம் என்றது. அவனுடைய அம்மா வீரம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி அந்த ஜீப்பில் யாரும் ஏறுவதில்லை என்றும், மேல் ரோட்டுப் பெட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுவதென்றும் பேசி முடித்து எழுந்தார்கள். ஜெயமுருகன் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவன் பேசப் பேச அவர்கள் கண்ணில் அவன் இன்னும் பெரியவனானான்.

சாவடி காலியானது. மேல்பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. துளி இரைச்சல் இல்லை.

"தம்பி, சொல்லிட்டீங்களா? நம்புனாங்களா?"

பேசும் பொத்தானை அழுத்தினான். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பக்கம் அவருக்கு, அன்றைக்குப் போலவே, ஒன்றும் கேட்கவில்லை.