லாரிக்குப் பொட்டு வைத்தவர்

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். வைத்தவர் என் கணவர். பால்காரன் செம்பைச் சாய்க்கும்போது என் கண் பாலில் இருக்காது, அவன் கட்டைவிரலில்தான் இருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண் அவர் தொழிலுக்கு எத்தனை தரம் உதவியது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

தொழில், மரம் கழிப்பது. திருவனந்தபுரத்தில் ஓட்டு வீடுகளின் மேலும் மின்சாரக் கம்பிகளின் மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களைக் கிளை கிளையாக அறுத்து, கீழே எதுவும் உடையாமல் இறக்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் மாமனாருக்கு இரும்புக் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து ஆணி நிறுக்க இவருக்குப் பொறுமை இல்லை. என் தம்பிக்கோ தரையில் கால் பாவாது. எந்த மரமானாலும் ஏறிவிடுவான். அத்தானும் மைத்துனனுமாகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கட்டிக்கொண்டவரும் கூடப் பிறந்தவனும் ஒரே கயிற்றில் தொங்கினால் பெண்பிள்ளைக்குத் தூக்கம் எப்படி வரும்?

லாரி வாங்கியது யுத்த காலத்தில். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. வயதான வண்டி, ஆனால் வயதை மறைக்காத வண்டி. மற்றது வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்தது. பளபளவென்று பச்சைப் பெயிண்ட். அதன் முதுகில் வின்ச் பூட்டியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடத்தை இழுக்கவும் விடவும் செய்கிற இரும்புப் பொறி அது.

"பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் எதுக்கு? எதையோ மறைக்கான்" என்றேன்.

"ஏட்டி, பெயிண்ட் அடிச்சாலும் குத்தம், அடிக்கல்லேன்னாலும் குத்தமா?" என்றார்.

வின்ச்சுக்காகவே அந்த வண்டியை எடுத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது நல்ல சாமான். தம்பி கிளையில் வடத்தைக் கட்டுவான். வடம் மேல்கவட்டில் மாட்டிய கப்பி வழியாக லாரிக்கு வரும். அறுத்ததும் முழுக் கிளையும் அந்தரத்தில் நிற்கும். பிறகு கைப்பிடியை மெல்ல விட விட, தொட்டில் பிள்ளையை இறக்குவதுபோலக் கீழே வரும். முன்பு ஒரு கூட்டமே நின்று பிடித்த வேலையை இரண்டு பேர் செய்தார்கள்.

பெட்ரோலுக்குக் கூப்பன் முறை வந்ததும் லாரிக்குப் பின்னால் கரியடுப்பு ஏறிவிட்டது. கரிப்புகையில் ஓடுகிற வண்டி. காலையில் சாம்பல் தட்டி, அடுப்பு மூட்டி, விசிறி சுற்றி அது உறுமுவதற்குள் கொடியில் உலர்த்திய என் புடவையெல்லாம் கறுத்துவிடும். பராமரிப்பில் பாதி என் முற்றத்தில் நடந்தது. கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவுவது, தேங்காய்நார் வடங்களை வெயிலில் காயப்போடுவது, வாள்பற்களை அரத்தால் ராவுவது எல்லாம் என் கண் முன்னால்தான். கரி மட்டும் கணக்குக்கு மேல் தீர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் மலையாளத்துக்காரர். கேட்டேன்.

"கரி எரிஞ்ஞு தீரும் அம்மே. ஞான் தின்னுமோ?"

அவர் தின்னவில்லை. அவர் மனைவியின் இஸ்திரிப் பெட்டி தின்றது. பிறகு அதை நானே அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். சந்தேகப் பிராணி என்றால் சும்மாவா?

ஒரு புரட்டாசியில், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், மூவரும் வித்துராப் பக்கம் ஒரு பெரிய வேலை முடித்துத் திரும்பினார்கள். வழக்கமாக இவர் கை கழுவும்போதே அன்றைய பிரதாபம் ஆரம்பித்துவிடும். அன்று தலை குனிந்து சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை. அதைக்கூடச் சொல்லவில்லை. டிரைவரிடம் கேட்டால், "முதலாளியோடு சோதிச்சா மதி", அவரையே கேட்டுக்கொள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி எனக்கு முன்னால் நிற்கவே இல்லை.

இதற்கிடையில் கரமனையிலிருந்து ஒரு ஆபீஸ் குமாஸ்தா வந்தார். அவர் வீட்டு அயினி மரத்தின் பெரிய கிளை காற்றில் பிளந்து ஓட்டின் மேல் தொங்குகிறதாம். அதற்கு நேர் கீழே அவர் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். ஜன்னி கண்டு பிழைத்த உடம்பு, எழுப்பி உட்காரவைக்கக்கூட முடியாது. தீட்டுக் கழியுமுன் தாயையும் பிள்ளையையும் அந்த அறையை விட்டு வெளியே எடுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவும் இல்லை. ஐப்பசியில் துலா மழை தொடங்கினால் கிளை தாங்காது என்று சொல்லி அழுதார். விஜயதசமி அன்று முதல் வேலையாக இறக்கித் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்கும் வாளுக்கும் கோடாலிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. அந்த வருஷம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. வைத்தவர் இவர். தன் நெற்றியில் விபூதியை ஒழுங்காகப் பூசத் தெரியாத மனுஷன்! சக்கரத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, கரியடுப்புக்கு ஒன்று என்று எல்லாம் அளவாக இருந்தது. வின்ச்சைத் தாங்குகிற இரண்டு இரும்புக் கால்களில் ஒன்றுக்கும் அளவாகத்தான். மற்றக் காலில் மட்டும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அப்பி, அம்மை வார்த்ததுபோல் இருந்தது.

"இதுக்கு மட்டும் என்ன இம்புட்டுப் பக்தி?"

"பூசையில வச்ச சாமானைத் தொடாதட்டீ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தொட முடியாதுதான். பூஜை வைத்தால் எடுக்கும்வரை எதையும் அசைக்கக் கூடாது. எடுத்த பிறகும், சுமங்கலி கையால் குங்குமத்தை அழிப்பதை நினைக்கவே கை கூசியது. அன்று முழுவதும் அந்தக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவரும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிப் பூஜை எடுத்தார்கள். இவர் அடுப்புக்குக் கரி எடுக்கப் போனார். நான் லாரியில் ஏறி, மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முந்தானையை நனைத்துத் துடைத்தேன். சந்தனத்துக்கு அடியில் மெழுகு இருந்தது. கொண்டை ஊசியால் நெம்பினேன். போல்ட்டுத் துளையிலிருந்து மேலே அச்சுவரைக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருந்தது. ஊசிமுனை உள்ளே போயிற்று.

"குங்குமத்தை அழிச்சிட்டியே, பாவி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"இதை வச்சா என் தம்பியை மரத்துல ஏத்தப் போறிய? இதை வச்சா பச்சைப்பிள்ளைக்கு மேல கிளையைத் தொங்கவிடப் போறிய?"

"சின்னக் கீறல்தான். யுத்த காலத்துல வேற வின்ச்சுக்கு எங்க போவேன்? தாங்கும்."

நான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்தான், விரிசலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்க்கா. வித்துராவுல என் கண்ணு முன்னாலதான் விட்டுது. உன்கிட்ட சொன்னா வேலை நடக்காதுன்னு அத்தான்தான்..."

கோபம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது. கரிக்கூடையில் ஒரு கை குறைந்ததைக் கண்டுபிடிக்க அடுத்தவர் வீட்டு வாசல்வரை போனவள் நான். என் சோற்றைத் தின்ற இரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் பேசி வைத்திருந்தார்கள்.

டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கு என்று இவர் சொல்லிப் பார்த்தார். தெரு வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் விட்டுவிட்டார். கரமனை வீட்டில் லாரி நின்றதும் நேரே உள்ளே போய், பிள்ளை பெற்றவள் படுத்திருந்த அறைக்குள் நுழைந்தேன். குமாஸ்தாவின் மனைவி பதறிப்போனாள்.

"இதென்ன, பூசை எடுத்த அன்னைக்குத் தீட்டு அறைக்குள்ள?"

"உங்க மகளுக்குத் துணையா இருக்கேன்" என்று சொல்லி, அவள் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஜன்னல் பக்கம் இவர் தலை தெரிந்தது.

"ஏட்டி, வெளிய வா. கிளையை இறக்கணும்."

"இறக்குங்க. சின்னக் கீறல்தானே? நானும் இங்கேயே இருக்கேன்."

அந்தத் தலை ஜன்னலை விட்டு நகர்ந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இவர் பிடிவாதம் எனக்குத் தெரியும். வின்ச்சைச் சுற்றச் சொல்லிவிடுவாரோ என்று பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கம்பி வடம் கொக்கியிலிருந்து கழன்று விழுகிற சத்தம் கேட்டது. "நார்வடத்தை எடுங்கலே. ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று தம்பி கத்தினான்.

தெருவில் கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, நார்வடத்தைப் பக்கத்துப் புளியமரத்தில் சுற்றிப் பிடித்து, கிளையைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசித் துண்டு நழுவி ஓரத்தில் சில ஓடுகள் நொறுங்கின. வின்ச் இருந்திருந்தால் ஒரு ஓடு உடைந்திருக்குமா என்று இவர் அன்றே ஆரம்பித்தார்.

கடைசிவரைக்கும் விடவில்லை. அந்த வின்ச் பழைய இரும்பாகப் போன பிறகும், வயதாகிப் படுத்த பிறகும், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் "தாங்கியிருக்கும்" என்பார். தம்பியும் அத்தானுக்குத் தலையாட்டுவான். இருக்கலாம், தாங்கியிருக்கலாம். எனக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? தாங்கும் என்று தெரிந்தால் அதை ஏன் என் கண்ணுக்கு மறைத்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். அப்போதெல்லாம் தம்பிக்கு எங்கோ அவசர வேலை வந்துவிடும். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.