அம்மாவின் பிரெஞ்சு ஜெபம்

இன்று காலை பேத்தி, பள்ளிக்கூடத்தில் கற்ற ‘நோத்ரு பேர்’, அதாவது ‘எங்கள் பிதாவே’ ஜெபத்தைப் பிரெஞ்சில் சொன்னாள். உடம்பே சிலிர்த்துப் போச்சு! மூணாங்கிளாஸ் தாண்டாமலே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையத்தில் மூணு பட்டறை நடத்துகிறவன் நான், எதற்கும் அசராதவன். ஆனால் இது அம்மாவின் ஜெபமாச்சே!

பிரெஞ்சுக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தபோது அம்மா கற்றது. மில் தொழிலாளியான அப்பா காய்ச்சலில் கிடந்தபோது, கோயிலில் மெழுகுவத்தி வாசத்துக்கு நடுவே முழங்காலிட்டு அதையே சொன்னாள்.

“ஏம்மா பிரெஞ்சுல?” என்றேன்.

“கோயிலக் கட்டினவங்க பாஷைடா. சாமிக்குச் சட்டுனு வெளங்கும்.”

அப்பா பிழைக்கவில்லை. “எம் பிரெஞ்சு சரியில்ல போலடா” என்று அழுதாள். எனக்கு வந்ததே கோபம்! “சாமியே இல்லம்மா!” என்று கத்தினேன். அன்றோடு நான் கோயிலை விட்டேன். அம்மா மறுநாளே போனாள், தமிழில் சண்டை போட.