பத்தரை மணிக் கையெழுத்து

சாவியக்காவை நம்புவதற்கு ஊருக்குப் பதினாறு வருடம் பிடித்தது. நம்பாமல் போவதற்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், குடை விரித்த அகலத்துக்கு ஒரு கடை. அரம், இடுக்கி, வளைத்த கம்பிகள், ஆணியில் தொங்கும் வெற்றுச் சாவிகள். கணவன் போன பிறகு தானே உட்கார்ந்து தொழிலைப் பிடித்துக்கொண்டவள். பூட்டைத் திறக்க யார் கூப்பிட்டாலும், "இது என் பூட்டு, நான் சொல்லித்தான் திறந்தாள்" என்று தன் நோட்டில் எழுதி வாங்குவாள். தேதியும் நேரமும் போட்டு அவர்கள் கையெழுத்து வைத்த பிறகுதான் கம்பியை எடுப்பாள். "பூட்டு தொறக்க வந்தியா, சொத்த எழுதி வாங்க வந்தியா?" என்று கேலி பேசினார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம், துணிக்கடை முதலாளி வீட்டுப் பீரோ கீறல்கூட இல்லாமல் திறந்து கிடந்தது; உள்ளே இருந்த நகைகளைக் காணோம். உடைக்காமல் திறக்கத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். ஆகவே திருடியும் அவள்தான். நீச்சல் தெரிந்தவனெல்லாம் ஆளைத் தண்ணீரில் அமுக்கியவன் என்பதுபோல.

அந்த நேரத்தில் அவள் ஊரின் மறுகோடியில் ஒரு டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். "நோட்டப் பாருங்க சார், டீச்சரக் கேளுங்க சார்" என்று கெஞ்சினாள். "எல்லாம் கோர்ட்டுல கேப்பாங்க" என்றார்கள் போலீஸ்காரர்கள். நோட்டை நூலால் கட்டி, அரக்கு வைத்து, காவல் நிலையப் பீரோவில் பத்திரப்படுத்தினார்கள். அவளையும் இருபத்திரண்டு நாள் சிறையில் பத்திரப்படுத்தினார்கள்.

குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நீதிபதி ஜாமீன் கொடுத்தார். தம்பிதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டான். தினமும் பத்தரை மணிக்குள் நிலையத்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் திரும்ப உள்ளே.

தெருவுக்கு நீதிபதியைவிடச் சட்டம் அதிகம் தெரியும். கீழ்வீட்டம்மா படியிலேயே நிறுத்தினாள்.

"நெருப்பில்லாம புகையுமா?"

"நெருப்பு யார் வீட்டுதுன்னு பாக்க வேணாமாக்கா?"

மறுநாள் கீழ்வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. வாரத்துக்குள் தெருவே பூட்டு மாற்றிவிட்டது. அந்தப் பூட்டுகளில் எதைத் திறக்கவும் தனக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது என்பதைச் சாவியக்கா யாரிடமும் சொல்லவில்லை. பாவம், தூங்கட்டும்.

ஜாமீனில் வந்த முப்பத்தோராம் நாள். தம்பியோடு நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து பத்து. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டர், கையில் பாதிச் சாவியோடு பீரோ முன்னால் நின்றார். மீதிப் பாதி பூட்டுக்குள் இருந்தது.

"இன்னிக்கு கையெழுத்து கெடையாது. பதிவேடு உள்ள மாட்டிக்கிச்சு."

"அப்ப நான் வந்தது?"

"நேரத்துக்குள்ள போடலைன்னா, போடலைன்னுதான் எழுதணும்."

"எதுல எழுதுவீங்க சார்? பதிவேடுதான் உள்ள இருக்கே."

ரைட்டர் சற்று யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "வேற தாள்ல எழுதுவேன்."

"அந்தத் தாள்லயே நான் கையெழுத்துப் போட்டுடறேனே."

"அதுக்கு ரூல் இல்லம்மா." பிறகு பீரோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீதான் தொறப்பியே. தொறயேன்."

தம்பி அவள் காதருகே குனிந்தான். "அக்கா, தொடாத. அஞ்சு நிமிஷத்துல பீரோ தொறந்தாள்னு இதையே சாட்சியா எழுதுவாங்க."

திறந்தால் திருடி. திறக்காவிட்டால் ஜாமீனை மீறியவள். சுவர்க் கடிகாரத்தில் பத்து பதினெட்டு.

சாவியக்கா பையிலிருந்து புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். "எழுதிக் குடுங்க சார். உங்க பீரோ, உங்க சாவி உடைஞ்சது, நீங்க சொல்லித்தான் தொறந்தேன். தேதி, நேரம், பேரு."

"போலீஸ்கிட்டயே எழுதி வாங்குறியா?"

"பேசிட்டே இருந்தா பத்தர ஆயிடும் சார். உங்களுக்கென்ன, இந்த மாசம் முழுக்க எல்லாப் பதிவேடும் உள்ளயே இருக்கட்டும்."

அதுதான் அவரைச் சுட்டது. பதிவேடுகளைச் சோதிக்க மேலதிகாரி நாளைக்கு வருகிறாராம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டைத் தம்பி வாங்கி வைத்துக்கொண்டான். அவள் பையிலிருந்த இடுக்கியால் உடைந்த துண்டை உருவி, கம்பியை நுழைத்தாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

மேல்தட்டில் பதிவேடு. கீழ்த்தட்டில், அரக்கோடு, அவளுடைய பழைய நோட்டு. கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. ஒரு நூல் முடிச்சை அவிழ்த்துப் பார்க்காதவர்கள், பீரோவைத் திறந்தவள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

அவள் அதைத் தொடவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள்: பத்து இருபத்தேழு.

கிளம்பும்போது ரைட்டரின் குரல் இறங்கி வந்தது. "ஏம்மா, எங்க வீட்டுலயும் ஒரு பீரோ மக்கர் பண்ணுது. சாயங்காலம் வந்து பாக்குறியா?"

"திருடியப் போயி உங்க வீட்டுக்குக் கூப்புடுறீங்களே சார்."

"அட, அது கேஸு. இது வீடு."

சாவியக்கா தம்பியிடமிருந்து நோட்டை வாங்கி, இரண்டாம் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"இந்த 'கேஸு வேற, வீடு வேற'ங்கறதையும் சேத்து எழுதுங்க சார்."