அடுத்த வீட்டுக்குச் சிலுவை

தவக்காலம் வந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கறியை நிறுத்தினால், ஈஸ்டர் வரைக்கும் என் வாயை அடக்க ஆளில்லை.

"கறியை விட்டுட்டு எங்களைத் தின்னுற. பேசாம பிரியாணியே சாப்ட்டுடு தாயே," என்பார் என் வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தவக்காலத்தில் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. விவேக் நகரில் எங்கள் சந்துக்குக் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். பக்கத்து வீட்டு அக்கா குழாயில் மோட்டார் வைத்து மொத்தத்தையும் உறிஞ்சிவிடுவாள். எங்கள் குழாயில் வெறும் காற்று வரும். அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவள்தான் நான். ஆனால் தண்ணீர்ச் சண்டை முற்றி, "இனி உன் வாசல்ல கால் வெச்சா ஏன்னு கேளு" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் வலித்தது. அதை யாரிடம் சொல்லி அழ? சொல்ல எனக்கிருந்த ஒரே ஆள் அவள்தானே.

தவக்கால வெள்ளிகளில் எங்கள் சந்தில் சிலுவைப் பாதை வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் செபம் முடிந்ததும், அந்த வீட்டார் மரச்சிலுவையைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டார் கையில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அடுத்தது அவள் வீடு.

"நீங்க கொண்டுபோய்க் கொடுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எனக்கு இடுப்பு வலி," என்றார் மனுஷன். காலையில்தான் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்த இடுப்பு!

வேறு வழியில்லாமல் நானே தூக்கிப்போனேன். அவள் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். கட்டிலில் அவள் வீட்டுக்காரர். கொடி முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகள். வாளியில் இன்னும் சில ஊறிக்கொண்டிருந்தன. சிலுவையை வாங்க நீட்டிய அவள் கைகள் சோப்பில் வெந்து தோல் உரிந்திருந்தன.

"இத்தனையும் தினம் துவைக்கிறியா?" என் வாய் தானாகக் கேட்டது.

"நனைச்சிட்டே இருக்காருடி. என்ன பண்ணச் சொல்ற?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னக்கா?"

"நீதான் கால் வெக்க மாட்டேன்னுட்டியே."

சிலுவையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றோம். பின்னால் வந்தவர்களின் பாட்டு முடிந்துவிட்டது, செபம் நடத்தும் உபதேசியார் இருமினார். இருவருமாகவே உள்ளே தூக்கிப்போய்க் கட்டிலோரம் நிறுத்தினோம். எல்லோரும் முழந்தாளிட்டுச் செபம் சொன்னார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்து தண்ணீர் வந்த நாளில் சுவருக்கு மேலே எட்டிக் கத்தினேன். "அக்கா, மோட்டாரைப் போடு! விரிப்பை ஊற வை, இதோ வரேன்."

அன்றும் எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது. "உன் மோட்டார் நாசமாப் போக" என்று திட்டிக்கொண்டே அவள் வீட்டுக்குள் போனேன். அவள் சிரித்துக்கொண்டே ஈர விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம்.